தண்ணீர் பிடித்த நாள்

ஷோவா 38-ஆம் வருஷம், அக்டோபர் 12
கமினோசாவா

மிசாவோவுக்கு,

அன்றைக்கு மலை ஊற்று விடுதியில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் மருமகள் நீ. உன் மகள் கொத்தோ. கீழ்வீட்டு ஒமாட்சு. டோஃபு செய்து விற்கிற விதவை கனே. கோயில்வீட்டுக் கிழவி ரின். விடுதிக்காரன் செய்ஹே. ஆண்கள் பக்கத்தில் ஒரு காது கேட்காத குன்பே மட்டும். வேறு ஒருவரும் இல்லை.

போன இலையுதிர்காலத்துக் கதைதான். ஆனால் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று கேட்டாலும் சொல்வேன். நீ சன்னலோரம் படுத்திருந்தாய். ரின் அடுப்பில் சேப்பங்கிழங்குக் குழம்பு வைத்திருந்தாள், உப்புப் போதாது. நான் வீட்டிலிருந்து கொண்டுபோன புகைபோட்ட முள்ளங்கியில் ஒமாட்சு கேட்காமல் துண்டு எடுத்தாள். அதையும் நான் மறக்கவில்லை.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், உன் அண்ணன் துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறானாம், மாமியார்க்காரி மருமகளை வெந்நீரில் இறக்கிக் கொல்லப் பார்த்தாள் என்று. கல்யாணத் தரகர் சென்சுகே வந்து சொன்னார். அவர் எதையும் பாதி குறைத்துத்தான் சொல்வார், அப்படியென்றால் உன் அண்ணன் என்னென்ன பேசியிருப்பான் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பனிக்காலம் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் யார் வீட்டுக் குழந்தையையோ முதுகில் கட்டிக்கொண்டு அதே பள்ளிக்கூடத்துச் சன்னலுக்கு வெளியே நின்றேன். கடினமான எழுத்தெல்லாம் தெரியாது. சிரிக்காமல் படி.

உன்னை ஊற்றுக்குக் கூட்டிப்போனது நான். இந்தப் பள்ளத்தாக்கில் எந்த மாமியாராவது அப்படிச் செய்திருக்கிறாளா, கேட்டுப்பார். அறுப்பு முடிந்தால் தலை நரைத்தவர்கள் அரிசியும் மிசோ விழுதும் மூட்டை கட்டிக்கொண்டு ஊற்றுக்குப் போவோம், வருஷத்துக் களைப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டு வருவோம். மருமகளாக வீட்டுக்கு வந்த பெண்கள் நெல் அடிப்பார்கள், முள்ளங்கி ஊறப்போடுவார்கள், மாட்டைப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என் மாமியார் செத்த பிறகுதான் அந்தத் தண்ணீர் சூடா ஆறலா என்று எனக்குத் தெரியும். போன வருஷம் உன் முதுகைப் பார்த்தேன். வயலில் குனிந்தால் நிமிர நேரமெடுத்தது. கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். ஒமாட்சு கிணற்றடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "மருமகளையா கூட்டிட்டுப் போற? அப்ப மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?" நான் சொன்னேன்: "என் மகன் காட்டுவான். உன் மகனுக்குத்தான் மாடு எந்தப் பக்கம் குடிக்கும்னு தெரியாது." உனக்காக அந்தப் பேச்சையும் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் உன் முகம் வெளுத்தது. சாப்பிடவில்லை. ரின் சொன்னாள், தண்ணீர் பிடித்திருக்கிறது என்று. கனேயும் சொன்னாள். நானும் சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும். ஊற்றுத் தண்ணீர் உடம்பைப் பிடித்துக்கொண்டால் முதலில் தலை சுற்றும், கை கால் விட்டுப்போகும், உள்ளே கிடந்த அழுக்கெல்லாம் வெளியே வருகிறது என்று அர்த்தம். கனே அதற்கு முந்தின வருஷம் தலையில் துணி கட்டிக்கொண்டு முனகினாள், ஊருக்குத் திரும்பியதும் மூட்டை தூக்கினாள். "தண்ணி நல்லா பிடிச்சிருக்கு. இன்னொரு தடவை முங்கிட்டு வா, சரியாயிடும்" என்று உன்னிடம் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். எழுந்து போனாய். யாரும் உன்னைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

உடை மாற்றுகிற இடத்தில் நீ விழுந்தாய். செய்ஹேயும் குன்பேயும் கதவைக் கழற்றி அதில் உன்னைக் கிடத்தி மரம் ஏற்றுகிற லாரி வருகிற பாதை வரைக்கும் தூக்கிவந்தார்கள். ஆஸ்பத்திரி நடையில் ஒரு நர்ஸ் வந்து என்னிடம் சொல்கிறாள், "வயித்துல பிள்ளை இருந்திருக்கு, முன்னாடியே ரத்தம் போயிருக்கு, தெரியாதா உங்களுக்கு?" யாரோ பெற்ற பெண் வந்து எனக்குச் சொல்கிறாள். உன்னைப் பார்க்க உள்ளே வந்தால் உன் அண்ணன் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றான். அப்படியே உன்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டான். வருஷம் ஒன்று ஆகப்போகிறது.

கேட்க வேண்டியது ஒன்றுதான். ஏன் மறைத்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னை வீட்டிலேயே மெத்தையில் கிடத்தியிருப்பேன். நான் என்ன பேயா?

இந்த வருஷம் கதிர் அறுத்துக் கழியில் காயப்போட்டாயிற்று. தரகர் சொல்கிறார், பனி விழுவதற்குள் நீ வரவில்லை என்றால் குடும்பப் பதிவிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டு உன் புருஷன் தொகுஜிக்கு வேறு பெண் பார்க்க வேண்டுமாம். உனக்கு இனிப் பிள்ளை இல்லை என்று டாக்டர் சொன்னது ஊருக்குத் தெரிந்துவிட்டது. கொத்தோ இந்த வீட்டுப் பிள்ளை, இங்கேதான் இருப்பாள் என்கிறார். அவள் சீட்டியடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பெண் பிள்ளை. கிள்ளினேன். கிள்ளினதற்கும் சீட்டியடிக்கிறாள்.

வா. ஆனால் முதலில் பதில் எழுது.

இஷி


அக்டோபர் 20
ஹமாகுச்சித் துறைமுகம்

அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே கணவாய் மீன் காயவைக்கிற காலம். கொட்டகையில் பகல் சாப்பாட்டுக்கு விடும்போது படித்தேன். கை ஈரத்தில் ஓரம் கொஞ்சம் அழிந்துவிட்டது, ஆனால் எல்லாம் படித்தேன். சிரிக்கவில்லை.

அண்ணன் பேசுவதற்கு நான் பொறுப்பில்லை. ஒமாட்சு அக்கா, கனே அக்கா, ரின் பாட்டி யார்மீதும் எனக்குக் கோபம் கிடையாது. அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவர்கள் தெரிந்ததைத்தான் சொல்வார்கள்.

உங்களுக்குத் தெரியும்.

இதை எழுதக் கூடாது என்று இவ்வளவு நாள் இருந்தேன். நீங்களே "ஏன் மறைத்தாய்" என்று கேட்டு எழுதிய பிறகு எழுதாமல் இருந்தால் நான் ஒப்புக்கொண்டது போலாகிவிடும். நான் மறைக்கவில்லை, அத்தை. என் வயிற்றில் பிள்ளை இருந்ததும், துணியில் கறை பட்டதும் தெரிந்துதான் நீங்கள் என்னைக் கூட்டிப்போனீர்கள். அந்தத் தண்ணீர் இதற்கு நல்லது என்று நீங்கள் சொன்னதாகக் கேட்டுத்தான் நான் வந்தேன்.

நீங்கள் இன்னொரு தடவை முங்கு என்றபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், பார்த்தேன். ஆறு பெற்றவர், மூன்றைப் புதைத்தவர், என் நிலை தெரிந்தவர், இவரே சொல்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதனால்தான் எழுந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு நாள் நான் சன்னலோரம் படுத்திருந்தேனே, கல்யாணமாகி வந்த பிறகு பகலில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்தது அப்போதுதான். வெளியே மேப்பிள் இலை விழுந்தது. கனே அக்கா குறட்டை விட்டார். யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கொத்தோ என் வயிற்றின்மேல் தலைவைத்துத் தூங்கினாள். வலி வந்தபோது உடனே சொல்லியிருக்கலாம். எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களோ என்று நினைத்தேன். இன்னும் ஒரு பகல் அப்படிப் படுத்திருக்க வேண்டும் போல இருந்தது.

இங்கே டாக்டர் நின்று வேலை செய்யாதே என்கிறார். கொட்டகையில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. அண்ணி நல்லவர்தான். நான் உட்கார்ந்தால் அவர் எழுந்து ஏதாவது செய்ய ஆரம்பிக்கிறார். அவர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது?

தரகரிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்தே என்னைத் தண்ணீரில் இறக்கிய வீட்டுக்கு நான் வரமாட்டேன். பெயரை எடுத்துக்கொள்ளட்டும். கொத்தோவை மட்டும் கேட்கிறேன். தொகுஜிக்கு வேறு பெண் வருவாள், வேறு பிள்ளை பிறக்கும். எனக்கு அவள் ஒருத்திதான்.

சீட்டியடித்தால் கிள்ளாதீர்கள்.

மிசாவோ


அக்டோபர் 24
கமினோசாவா

மிசாவோ,

எனக்குத் தெரியும் என்று உனக்கு யார் சொன்னது?

நீ எழுதியதைப் படித்துவிட்டு மாட்டுக் கொட்டிலில் போய் உட்கார்ந்தேன், வேறு எங்கே உட்கார்ந்தாலும் ஆள் வருவார்கள். மூன்று தடவை படித்தேன். என் தலையில் அப்படி ஒரு பேச்சே இல்லை. நான் மறக்கிறவள் இல்லை. என் கல்யாணத்தன்று என் நாத்தனார் எந்தப் பல்லைக் காட்டிச் சிரித்தாள் என்று இன்றைக்கும் சொல்வேன். கறை பட்ட பெண்ணை வெந்நீரில் இறக்கச் சொல்லுவேனா நான்? புதைத்த மூன்றில் ஒன்று அப்படிப் போனதுதான். உனக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தத் தண்ணீருக்குள் உன் கால் கட்டைவிரல்கூடப் படவிட்டிருக்கமாட்டேன்.

யார் சொன்னது, எங்கே வைத்துச் சொன்னது, என்ன வார்த்தையில் சொன்னது. அதை மட்டும் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

இஷி


அக்டோபர் 30
ஹமாகுச்சித் துறைமுகம்

அத்தைக்கு,

இதை எழுதுவதா வேண்டாமா என்று தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எழுதாவிட்டால் நீங்களே கிளம்பி வந்துவிடுவீர்கள்.

உங்கள் மகன் சொன்னார். போன வருஷம் மேட்டு வயலில் கடைசிக் கதிர்க்கட்டுகளைக் கழியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அவர் மேலே நின்றார், நான் கீழிருந்து எடுத்துக்கொடுத்தேன். அப்போதுதான் சொன்னேன், பிள்ளை இருக்கிறது, ஆனால் இரண்டு நாளாகக் கறை படுகிறது, ஊற்றுக்குப் போகலாமா கூடாதா, அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று. எனக்கு நேராக உங்களிடம் கேட்கக் கூச்சம். நீங்கள் அவ்வளவு பெருமையாக ஊரெல்லாம் சொல்லியிருந்தீர்கள்.

மறுநாள் காலை மாட்டுக்குத் தீனி போடும்போது அவரே வந்து சொன்னார். வார்த்தை கேட்டீர்கள், எழுதுகிறேன். "அம்மாகிட்ட சொல்லிட்டேன். ஊத்துத் தண்ணி இதுக்கு நல்லதாம். பயப்படாம போயிட்டு வான்னாங்க." அவ்வளவுதான். நான் நிம்மதியாக மூட்டை கட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கு அவர் ஒரு தடவை வந்தார். "அம்மா ஏன் அப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டேன். "அம்மாவுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, விடு" என்றார்.

அத்தை, அவரை இதை வைத்து அடிக்காதீர்கள். ஒருவேளை அவர் சொல்லி, நீங்கள் வேலை மும்முரத்தில் கவனிக்காமல் விட்டிருக்கலாம். யாருக்கும் நடக்கும்.

மிசாவோ


நவம்பர் 4
மலை ஊற்று விடுதி

மிசாவோ,

யாருக்கும் நடக்கும் என்கிறாய். எனக்கு நடக்காது. உனக்கே தெரியும்.

உன் கடிதம் வந்த அன்றே கேட்டேன். காத்திருக்கவில்லை. அவன் கழியிலிருந்து கட்டு இறக்கிக்கொண்டிருந்தான், நெல் அடிக்க ஆள் வரச் சொல்லியிருந்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"மிசாவோவுக்கு வயித்துல இருந்தது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எப்போ?"

"எப்போன்னு நீதான் சொல்லணும்."

கட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் கிண்ணத்தை உடைத்துவிட்டு நிற்பானே, அதே நிற்பு. "சொல்லணும்னுதான்மா இருந்தேன். நீ கிணத்தடியில ஒமாட்சு கூட சண்டை போட்டு ஜெயிச்சுட்டு வந்த. அந்த நேரத்துல போய் இதைச் சொல்ல வாய் வரலை."

"அவகிட்டப் போய் அம்மாகிட்ட சொல்லிட்டேன்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?"

"சொன்னா நீ அவளை விட்டுட்டுப் போவ. அவ மூட்டையைப் பிரிக்கணும். ஊர்ல சிரிப்பாங்க, மருமகளைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போகலையேன்னு. தண்ணி எல்லாத்துக்கும் நல்லதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க."

"சரி. ஆஸ்பத்திரியில? அதுக்கப்புறம் இந்த ஒரு வருஷம்?"

"அப்புறம் சொல்லி என்ன ஆகப்போகுது? நீங்க ரெண்டு பேரும் கோவத்துல இருந்தீங்க. ஆறட்டும்னு இருந்தேன்."

"யாரு மேல கோவத்துல?"

அவன் அடுத்த கட்டை எடுக்கக் கை நீட்டினான்.

அவன் சொல்லிட்டேன் என்று சொன்னால் சொல்லவில்லை என்று அர்த்தம், இது எனக்குத் தெரியாததா? ஆலைக்காரனிடம் சொல்லிட்டேன் என்பான், அரிசி குத்தப் போய் நின்றால் ஆலைக்காரன் விழிப்பான். அவன் அப்பாவுக்குத் திவசம் செய்யப் பூசாரியிடம் சொல்லிட்டேன் என்றான், நாம் எல்லாரும் உட்கார்ந்து ஊதுவத்தி எரிந்து முடிகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நீயும் இருந்தாய், பூசாரி பக்கத்து ஊரில் கல்யாணத்தில் இருந்தார். அன்றைக்கெல்லாம் சிரித்துவிட்டோம். நல்ல பையன், யாரையும் நோகடிக்கமாட்டான், அதனால்தான் இப்படி என்று நானே ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"கட்டைக் கழியிலேயே போடு" என்றேன்.

"ஆள் வருவாங்கம்மா, அடிக்கணும்."

"நீ அடி. நான் அடிக்கமாட்டேன். சமைக்கமாட்டேன். முள்ளங்கி ஊறப்போடமாட்டேன்."

கொத்தோவை முதுகில் கட்டினேன். அவள் இனி முதுகில் கட்டுகிற அளவில் இல்லை, முழங்கால் என் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. அரிசி, மிசோ, அவளுடைய கம்பளிக் கால்சட்டை, அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறி ஊற்றுக்கு வந்துவிட்டேன். கழியில் நெல் தொங்குகிறது, மழை வரப்போகிறது. இத்தனை வயதில் அடிக்காத நெல்லை வயலில் விட்டுவிட்டு நான் எங்கேயும் போனதில்லை. வழியெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன், பஸ் சன்னலில் வேறு ஊர் வயல்தான் தெரிந்தது.

வருகிற வழியில் தரகர் வீட்டில் இறங்கினேன். தொகுஜியையும் வரச் சொல்லியிருந்தேன். பிள்ளை அம்மாவோடு போகும் என்று தாளில் எழுத வைத்தேன். தரகர் எழுந்து நின்றுவிட்டார். "இஷி அம்மா, அந்த மாதிரி நம்ம பக்கம் வழக்கமே கிடையாது. வீட்டுப் பிள்ளை வீட்டோடதான்" என்றார். "மருமகளை ஊத்துக்குக் கூட்டிட்டுப் போறதும் வழக்கம் கிடையாது. செஞ்சேன். இதையும் செய்றேன், உட்காருங்க" என்றேன். தொகுஜியைக் கேட்டேன், சரி என்றான். அவன் சரி என்றால் எனக்கு அது செல்லாது. அவன் பெயர் முத்திரையைக் கையில் கொடுத்து என் கண் முன்னால் அழுத்த வைத்தேன். தாள் என்னிடம் இருக்கிறது.

இனி நீ அந்த வீட்டுக்கு வர வேண்டாம். இங்கே வா. பனி பாதையை மூடுகிற வரைக்கும் இந்த அறை நமக்கு. உன் மகளைப் பார், படு, எழுந்திருக்காதே. பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போ.

இஷி


நவம்பர் 8
ஹமாகுச்சித் துறைமுகம்

அத்தைக்கு,

கடிதத்தைப் படித்ததும் கொட்டகையின் பின்பக்கம் போய் வலைக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி வந்து திட்டினார். எழுந்திருக்கவில்லை.

ஒரு வருஷமாக உங்களை மனதுக்குள் எவ்வளவு பேசியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. கணவாயைக் கீறும்போதெல்லாம் பேசுவேன். இப்போது அந்தப் பேச்சை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உங்கள் இடத்தில் அவரை வைத்துத் திட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் பாவமாக ஆகிவிடுகிறது. அவர் கெட்டவர் இல்லை அத்தை. கெட்டவராக இருந்தால் சுலபமாக இருக்கும்.

அவர் நேற்று இங்கே வந்தார். அண்ணன் உள்ளே விடவில்லை. படகுத்துறையில் நின்று பேசினோம். நெல் பாதி நனைந்துவிட்டது என்றார். அம்மாவிடம் நீ சொன்னால் கேட்பார் என்றார். அழுதார். மன்னித்துவிடு என்றார், நானும் என்னவோ தலையாட்டினேன். முழுதாக மன்னித்தேனா என்று எனக்கே தெரியாது, ஆனால் எனக்குக் களைப்பாக இருக்கிறது. கோபத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதும் நிற்கிற வேலைதான். நீங்களும் மன்னித்துவிடுங்கள். வயதான காலத்தில் மகனை விட்டுவிட்டு எங்கே இருப்பீர்கள்?

வருவதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது. இது என்னை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிப்போகிற வழியாக இருக்குமோ என்று அண்ணி கேட்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அந்த உடை மாற்றுகிற இடம், அந்தக் கதவு, அந்த வாசனை எல்லாம் அப்படியே இருக்கும். அந்தத் தண்ணீரில் நான் இறங்கமாட்டேன்.

கொத்தோ என்னை அடையாளம் கண்டுகொள்வாளா?

மிசாவோ


நவம்பர் 12
மலை ஊற்று விடுதி

மிசாவோ,

நீ தண்ணீரில் இறங்க வேண்டாம். பக்கத்தில்கூட வர வேண்டாம். வெந்நீருக்குத்தான் ஊற்றுக்குப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. செய்ஹேயிடம் சொல்லி இந்தத் தடவை வேறு அறை வாங்கியிருக்கிறேன், பின்பக்கம், மலையைப் பார்த்தது. குளிக்கிற இடத்துக்கு மாடிப்படி இறங்கித்தான் போக வேண்டும், நீ போகப்போவதில்லை. மெத்தை விரித்தே கிடக்கிறது, பகலிலும் மடிப்பதில்லை. அண்ணியிடம் சொல், தாள் என்னிடம் இருக்கிறது, அவள் வந்து படித்துப் பார்க்கலாம்.

நானும் படுத்துப் பார்க்கிறேன். எனக்கு வரவில்லை. இத்தனை வருஷமாக இந்த விடுதிக்கு ஓய்வுக்கு வந்து, யார் எவ்வளவு மிசோ போட்டாள், யார் மருமகள் என்ன சொன்னாள் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஓய்வு எடுத்ததாக ஞாபகம் இல்லை. கை சும்மா கிடந்தால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நேற்று மழை கொட்டியது. கழியில் தொங்குகிற நெல் முளைவிடும் என்று எழுந்து பஸ் நேரம் கேட்கக் கீழே போய்விட்டேன். செய்ஹே "என்னம்மா, கிளம்பிட்டீங்களா?" என்றான். கொத்தோ மேலே நின்று "படு பாட்டி" என்று கத்தினாள். மறுபடி வந்து படுத்தேன். முளைக்கட்டும். முளைத்த நெல்லை அவன் கோழிக்குப் போடட்டும். மழை நிற்கிற வரைக்கும் படுத்தே கேட்டேன். அதை என்னால் செய்ய முடிந்தது.

கொத்தோ உன்னை அடையாளம் கண்டுகொள்வாளா என்று கேட்கிறாய். தெரியாது. பொய் சொல்லமாட்டேன். முதல் நாள் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். நீ கூப்பிடாதே. சும்மா படுத்துக்கொள். அவளாக வந்து பக்கத்தில் படுப்பாள், படுத்திருக்கிற ஆளைப் பார்த்தால் அவளால் சும்மா இருக்க முடியாது.

நான் எங்கே இருப்பேன் என்று கேட்டிருக்கிறாய். கோயில்வீட்டுப் பின்கட்டில் ரின் இடம் தருகிறாள். குழம்பில் உப்பு நான் போடுவேன் என்று சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டாள். மகன் வீட்டு அடுப்பில் இனி என் கை படாது.

மன்னிப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். மன்னித்தவர்களைச் சொல்கிறேன். ரின்னையும் கனேயையும் மன்னித்துவிட்டேன், இரண்டு பேரும் இங்கே வந்து பாயில் நெற்றி படக் குனிந்தார்கள், கனே அழுததில் மூக்கு ஒழுகி டீயில் விழுந்தது. ஒமாட்சுவை மன்னித்தேன், அவளுக்கே ஆச்சரியம். ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தடுத்த உன் அண்ணனை மன்னித்தேன், தங்கைக்காக நின்றான், என் அண்ணன் எனக்காக அப்படி ஒரு நாளும் நின்றதில்லை. என்னிடம் நேராகக் கேட்கக் கூச்சப்பட்ட உன்னையும் மன்னித்தேன். என்னிடம் கேட்கக் கூசும்படி உன்னை யார் ஆக்கியது என்று நீ இங்கே வந்து சொல், படுத்துக்கொண்டே கேட்கிறேன்.

நீ அவனை மன்னித்தால் அது உன் உடம்பு, உன் இஷ்டம், நான் குறுக்கே வரமாட்டேன். களைப்பாக இருக்கிறது என்றாய், கீழே வை, படு. எனக்கு அந்தக் களைப்பு இல்லை.

கெட்டவன் இல்லை என்கிறாய். பெற்றவளுக்குத் தெரியாதா? பயந்தவன். பயந்துபோய் ஒரு பொய் சொன்னான், அதைக்கூட நான் விட்டுவிடுவேன், பொய் சொல்லாத ஆள் யார். ஆனால் ஒரு வருஷம் என் எதிரே உட்கார்ந்து நான் போட்ட சோற்றைத் தின்றான். ராத்திரிச் சாப்பாட்டில் நான் உன்னைத் திட்டுவேன், மறைத்தாள், நம்மை நம்பவில்லை, வீட்டுக்கு ஆகாதவள் என்று. ஒவ்வொரு தடவையும் அவன் கிண்ணத்தைக் கீழே வைக்காமல், ஆமாம்மா என்று தலையாட்டினான். பக்கத்தில் உன் மகள் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய் குறைத்துச் சாப்பிட்டவன் இல்லை.

திங்கட்கிழமை பஸ் மதியம் வரும். பாதை முனையில் நாங்கள் நிற்போம். உன் மகளை உன் கையில் கொடுப்பேன், பிறகு நீ படுப்பாய்.

நீ என்ன சொன்னாலும், அவன் படகுத்துறையில் எவ்வளவு அழுதாலும், இங்கே வந்து வாசலில் குனிந்தாலும், நான் சாகும்போது ஓடிவந்து நின்றாலும், ஒருத்தனை நான் மன்னிக்கமாட்டேன். என் மகன் தொகுஜி.

இஷி